குமாஸ்தாவுக்கு ஸ்பான்சர் இல்லை

சின்ன சபா ஒன்றில் பொருளாளர் வேலை பார்க்கிறேன். சென்னையின் தெற்குப் பக்கத்தில், வாடகைக் கூடத்தில் மாதம் ஒரு நிகழ்ச்சி, மார்கழியில் ஒரு வார விழா. சபாவின் பெயர் வேண்டாம். ஆடிட்டருக்காகக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கங்களில் அவ்வப்போது கிறுக்கியவை இவை. வரிசை கிடையாது.

*

ஸ்பான்சர் கேட்டுப் போகிற இடத்தில் முதல் கேள்வி, "யார் பாடறா?" இரண்டாவது, "பேனர் எங்க வரும்?" இரண்டுக்கும் பதில் திருப்தியாக இருந்தால் காபி வரும். மங்கள இசைக்கு ஸ்பான்சர் உண்டு. பொன்னாடைக்கு உண்டு, நினைவுப் பரிசுக்கு உண்டு. அழைப்பிதழின் பின்னட்டைக்குப் போட்டியே உண்டு. ஆனால் அந்த அழைப்பிதழை டைப் அடித்து, பிழை திருத்தி, உறுப்பினர் பட்டியலில் காலமானவர்களின் பெயரை எடுத்து, நன்கொடை ரசீதில் பான் எண் சரியா என்று பார்த்து, கூடத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வருகிற ஆளுக்கு யாரும் ஸ்பான்சர் செய்ததில்லை. கேட்டுப் பார்த்தேன். "அது உங்க உள் செலவாச்சே சார்" என்றார் ஒரு நகைக்கடை மேலாளர். ரொம்பப் பணிவாகத்தான் சொன்னார்.

ரசிகர் குறைகிறார்கள், இளைஞர்கள் வருவதில்லை, எல்லாரும் செல்போனில் கேட்கிறார்கள் என்று கருத்தரங்குகளில் பேசுவதெல்லாம் உண்மைதான். எனக்கு அவை இரண்டாம்பட்சம். நிகழ்ச்சிக்குப் பணம் திரட்டிவிடலாம், ஆபீசுக்குத் திரட்ட முடியாது. மற்ற தொல்லைகளில் முக்கால்வாசி இதிலிருந்து கிளைப்பவை.

*

நன்கொடைக்கும் விளம்பரத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. 2019 அக்டோபரில் மத்திய மறைமுக வரி வாரியம் இதற்கென்றே ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கொடுத்தவரின் பெயரைப் பலகையில் எழுதி நன்றி சொல்வதோடு நின்றால் அது நன்கொடை, ஜிஎஸ்டி இல்லை. அவருடைய வியாபாரத்துக்கு விளம்பரமாக அமைந்தால் அது சேவை, வரி உண்டு. ஆக, 'இன்னார் நினைவாக, குடும்பத்தார்' என்று மேடையில் தொங்கும்வரை அது தருமம். அதன் கீழே 'செய்கூலி, சேதாரம் இல்லை' என்று ஒரு வரி நுழைந்துவிட்டால் வியாபாரம்.

இந்த நுணுக்கத்தை ஃப்ளெக்ஸ் அடிக்கிற தம்பிக்கு விளக்க வேண்டும். விழாவுக்கு முந்தைய இரவு, அவர் கடையில் நின்றுகொண்டு.

*

சபாக்களை நிஜத்தில் நடத்தியவர்கள் யார் என்று யோசித்தால் எனக்கு ஏஜி ஆபீஸ், ரிசர்வ் வங்கி, எல்ஐசி, ரயில்வே, வக்கீல்கள் என்று வரிசையாக வருகிறது. ஐந்தரைக்கு ஆபீஸ் விட்டால் ஆறு மணிக்கு சபா வாசலில் நிற்பார்கள். கடிதம் டைப் அடித்தது ஆபீஸ் இயந்திரத்தில். வித்வான் வீட்டுக்குப் போன் பேசியது ஆபீஸ் போனில். எல்லா ஊழலையும் பட்டியல் போடுகிற நாம் இதை மட்டும் விட்டுவைத்தது நல்லதே. ஒரு தலைமுறைக் கர்நாடக இசைக்கு அறியாமலே புரவலராக இருந்தது அரசாங்க வேலைநேரம்.

பார்த்தசாரதி சுவாமி சபா 1900-த்தைச் சேர்ந்தது. மியூசிக் அகாதமி 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928-இல் பிறந்தது. தமிழ் இசைச் சங்கம் 1943. கிருஷ்ண கான சபா ஐம்பதுகளில். ஒவ்வொன்றுக்கும் பின்னால் காலணி தேய நடந்த ஒரு காரியதரிசி உண்டு. கிருஷ்ண கான சபா யக்ஞராமன் 1981-இல் நாட்டியக் கலா மாநாட்டைத் தொடங்கியபோது அதற்கென்று தனித் துறையோ மேலாளரோ வைத்துக்கொண்டா தொடங்கினார்? ஆள்தான் அமைப்பு. அந்த மாதிரி ஆள் கிடைத்தவரை சபாவுக்கு நிர்வாகம் என்று ஒன்று தேவைப்பட்டதே தெரியவில்லை.

இன்று அறுபது வயதில் ஓய்வு பெறுபவர் மறுநாளே கன்சல்டன்ட் ஆகிறார், இல்லையென்றால் பேரனைப் பார்த்துக்கொள்ள நியூஜெர்சி போகிறார். எங்கள் கமிட்டியில் எழுபதுக்குக் கீழே இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் 'யூத் விங்' என்று கேலி.

*

அந்தக் காலக் காரியதரிசியின் சட்டைப்பை டைரியில் சபா முழுவதும் அடங்கும். இப்போது பட்டியல்: வருமான வரியில் 12ஏ பதிவு, 80ஜி பதிவு. முன்பு ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும். 2021 முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று ஆக்கினார்கள், பிறகு 2025-இல் சின்ன அமைப்புகளின் 12ஏ பதிவுக்குப் பத்து வருடம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். நன்கொடை தந்தவர்களின் விவரம் 10பிடி படிவத்தில் மே 31-க்குள். கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம் வேண்டுமானால் சிஎஸ்ஆர்-1 பதிவு தனி. சங்கங்களின் பதிவாளருக்கு ஆண்டறிக்கை தனி.

கேட்பதில் தப்பில்லை. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும், அறக்கட்டளை என்ற பெயரில் கறுப்பை வெளுப்பாக்கியவர்களும் உண்டு. ஆனால் நூறு கோடி ரூபாய் கல்வி அறக்கட்டளையும் மாதம் ஒரு வீணைக் கச்சேரி நடத்துகிற சபாவும் ஒரே கம்ப்யூட்டர் ஜன்னலில் வரிசையில் நிற்கின்றன. அவர்களுக்கு ஒரு தளம் நிறைய ஆடிட்டர்கள், எங்களுக்கு நானும் என் பழைய லேப்டாப்பும்.

*

கச்சேரி முடிந்து பின்னறை. மாலையைக் கழற்றி நாற்காலிமேல் போட்டாயிற்று. வயலின் பெட்டிக்குள் போகிறது. கையில் நாலு கவர்களோடு நான் நிற்கிறேன், மேலே பென்சிலில் எழுத்து: பா, வ, மி, க. ஒவ்வொன்றுக்கும் ஒரு வவுச்சர். ஐயாயிரத்துக்கு மேற்பட்டதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்து. பாடகர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கவரைத் தங்கையிடம் கொடுத்துவிடுவார். வயலின்காரர் கவரின் கனத்தை விரலால் பார்ப்பார். மிருதங்கம் வாசித்த பையன் வவுச்சரில் இருக்கும் தொகையைப் படிப்பான். 'க' என்று எழுதிய கடக்காரரின் கவரில் வண்டிச் சத்தம் போக என்ன மிஞ்சும் என்று எனக்கே தெரியும். கடத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது, ஆட்டோதான்.

பக்கவாத்தியச் சன்மானத்தில் இருக்கும் இந்தச் சரிவு பழைய கதை. எங்கள் பட்ஜெட்டில் எதைக் குறைத்தாலும் யாராவது கத்துவார்கள்: மைக் செட், கூட வாடகை, பூ, எல்லாவற்றுக்கும் விலை ஏறும், பேரம் நடக்காது. கத்தாதவர் கலைஞர் ஒருவர்தான். அதனால் கடைசியில் சரிக்கட்டுவது அவர் கவரில். இதை எந்தக் கமிட்டியும் தீர்மானமாகப் போட்டதில்லை. கணக்கை ஐந்து வருடம் அடுக்கிவைத்துப் பார்த்தால் தெரியும்.

கவர் முறை போய், இப்போதெல்லாம் வங்கிக் கணக்குக்கே அனுப்புகிறோம். வரிப் பிடித்தம் வேண்டுமா என்ற கேள்வி எங்கள் தொகைகளில் அபூர்வம். 2025 ஏப்ரலில் அதற்கான வரம்பை 30,000-இலிருந்து 50,000 ஆக்கினார்கள். சம்பிரதாய இசை, நடனம், நாடகம் வழங்குகிற கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை வாங்கினால் ஜிஎஸ்டி விலக்கும் உண்டு. சட்டம் கலைஞர்களிடம் கருணையாகத்தான் இருக்கிறது. கருணை எட்டுகிற உயரத்துக்கு அவர்களின் வருமானம் போகவில்லை.

*

'ஸ்லாட்' விவகாரம். மதியம் ஒன்றரை, இரண்டு மணிக் கச்சேரிக்குப் பெற்றோர் 'நன்கொடை' தருவதும், வெளிநாட்டிலிருந்து வந்து பாடுகிற பிள்ளைக்கு மேடை கிடைப்பதும் ஊரறிந்த ரகசியம். பத்திரிகைகள் பலமுறை எழுதியாயிற்று. எல்லா சபாவும் அப்படி இல்லை. எங்களிடமும் ஒரு வருடம் பேச்சு வந்தது. ஒரு தொகை, சுமாராகப் பாடுகிற பெண், இரண்டு மணி நேர மேடை. வேண்டாம் என்று முடிவானது. ஒழுக்கத்தால் மட்டும் அல்ல. அந்தப் பணம் போய்ச் சேரவேண்டிய இடம் கூட வாடகை, அடுத்த வருடமும் அதே வாடகை வரும், அப்போது இரண்டு பெண்கள் வேண்டும்.

ஒரு கமிட்டி உறுப்பினர் சொன்னார்: "காசு வாங்கறது தப்புன்னா, காசே குடுக்காம பாட வைக்கறது மட்டும் ரைட்டா?" பதில் சொல்ல எங்களில் யாராலும் முடியவில்லை. இளம் கலைஞருக்கு 'வாய்ப்பு' கொடுக்கிறோம் என்று நாம் சொல்வதும், பெற்றோரிடம் வாங்குவதும் ஒரே சாலையில் வெவ்வேறு மைல்கற்கள்.

*

நுழைவு இலவசம் என்று போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவருக்கு 500 ரூபாய் வரையிலான கச்சேரி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால் வரி பயமும் இல்லை. ஆனாலும் தலைவர் கேட்கமாட்டேன் என்கிறார். "நூறு ரூபா போட்டா நாப்பது பேர் வருவா. இலவசம்னா நூத்தம்பது. ஸ்பான்சர் தலையைத்தான் எண்ணறான்." அவர் கணக்கு சரி. இலவசமாகக் கேட்கும் ரசிகர் ஸ்பான்சருக்கு நாங்கள் காட்டுகிற சரக்கு. அவர் பணம் கொடுத்திருந்தால் எங்கள் எஜமானர். எஜமானர் வேண்டாம், தலை போதும் என்று முடிவு செய்துகொண்டுவிட்டோம்.

கேன்டீன் பற்றி யாரும் எழுதாமல் விடுவதில்லை என்பதால் சுருக்கமாக. பெரிய சபாக்களில் டிசம்பரில் சாப்பாட்டுக்காகவே வருகிற கூட்டம் உண்டு. அறுசுவை நடராஜன் பெயரைச் சொன்னால் ராகம் சொன்னதுபோல் முகம் மலரும். நிர்வாகத்தின் கண்ணோட்டத்தில் கேன்டீன் குத்தகை என்பது முன்கூட்டியே கைக்கு வருகிற, யாரும் நிபந்தனை போடாத, எதற்கும் செலவழிக்கலாகிற பணம். கச்சேரி எதுவும் அப்படிப்பட்ட பணத்தைத் தந்ததில்லை. எங்கள் கூடத்தில் அடுப்பு வைக்க அனுமதி இல்லை.

*

கூத்துப்பட்டறையில் கணக்காளராகச் சேர்ந்தவர் விஜய் சேதுபதி. பேட்டிகளில் அவரே சொல்வார். எல்லாரும் இதை, கணக்கு எழுத வந்தவர் நட்சத்திரமானார் என்று வியப்பார்கள். என் வியப்பு வேறு. தமிழ்நாட்டில் ஒரு நவீன நாடகக் குழுவில் கணக்காளர் என்று ஒரு வேலை இருந்திருக்கிறது!

ந. முத்துசாமி அந்தக் குழுவை 1977-இல் தொடங்கினார். ஃபோர்டு பவுண்டேஷன் உதவி கிடைத்த காலத்தில் நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து முழுநேரக் குழுவாக நடத்த முடிந்தது. காலையில் உடற்பயிற்சி, சிலம்பம், கூத்து, குரல். பசுபதி போன்றவர்கள் அங்கே உருவானார்கள். எந்த ஒரு நாடகத்துக்கென்றும் இல்லாமல், ஆட்கள் தினமும் வந்து போவதற்கென்று வந்த பணம் அது. அப்படிப்பட்ட பணம் இந்தியாவில் அரிது. வெளிநாட்டு நிதியை நம்பியிருப்பது பற்றி அப்போதே விமர்சனம் இருந்தது, நியாயமான விமர்சனம்தான். ஆனால் விமர்சித்தவர்கள் யாரும் மாற்றாக ஒரு சம்பளப் பட்டியலைக் கொண்டுவந்து காட்டவில்லை.

சினிமாவுக்குப் போய்விட்டார்கள் என்று நடிகர்களைக் குறை சொல்வதும் உண்டு. போகாமல்?

*

மத்திய கலாசார அமைச்சகத்தின் ரெப்பர்டரி நிதி: குருவுக்கு மாதம் 15,000, சீடர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை. குரு உண்டு, சீடர் உண்டு. இவர்களின் வங்கிக் கணக்கு விவரங்களைத் திரட்டி, செலவுச் சான்றிதழ் தயாரித்து, படத்துடன் அறிக்கை அனுப்புகிறவருக்கு அந்தப் பெயர் இரண்டில் எதுவும் பொருந்தாது. பல குழுக்களில் அந்த வேலையை மூத்த சீடர் ஒருவர் பார்க்கிறார். நடித்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில்.

வெளிநாட்டு நிதிச் சட்டத்தை 2020-இல் திருத்தியபோது நிர்வாகச் செலவு 50 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று இருந்ததை 20 ஆக்கினார்கள். கார் வாங்கி ஏசி போட்டுக்கொண்ட தொண்டு நிறுவனங்களை மனதில் வைத்துச் செய்தது. கலை அமைப்பில் நிர்வாகம் எங்கே முடிகிறது, கலை எங்கே தொடங்குகிறது? ஒத்திகைக்கூடத்தின் மின்கட்டணம் எந்தத் தலைப்பில்? உடைப்பெட்டிக்குக் காவல் இருப்பவர்?

*

காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம். கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருய்னும் 1990-இல் ஏற்படுத்தியது. 2002-இல் குருகுலம். பிள்ளைகள் காலையில் பள்ளிப்பாடம், பிறகு கூத்து. ராத்திரி முழுக்க ஆடிவிட்டுப் படிப்பை விட்ட தலைமுறைக்குப் பதிலாக, இரண்டையும் பெற்ற தலைமுறை. பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். 2020-இல் குருகுலம் நின்றுபோனது.

கிராமத்துக் கூத்து ஜமா நூறு வருடமாக மானியம் இல்லாமல் நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர் வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுப்பார், ஆடி முடிந்த காலையில் மீதி, அதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வாத்தியாருக்கு இத்தனை பங்கு, கட்டியங்காரனுக்கு இத்தனை என்று முறை உண்டு. ஊருக்குக் கூத்து தேவை, அதனால் பணம். இந்த ஏற்பாட்டில் ஆட்டத்துக்கு ஆள் கிடைக்கும், பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்காது. எந்த ஊரும் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க என்று அச்சாரம் கொடுக்காது.

*

தங்கள் காலிலேயே நின்றவர்கள் என்று எனக்கு நினைவுக்கு வருவது சோழமண்டலம் ஓவியர் கிராமம். அதைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவர். ஓவியம் விற்காது என்று தெரிந்து, ஓவியர்கள் பத்திக், உலோக வேலை, தோல் வேலை என்று கைவினைப் பொருள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அப்போது அங்கே வெறும் மணல்.

நேர்மையாகப் பார்த்தால், இன்று அதைத் திரும்பச் செய்ய முடியாது. ஈசிஆரில் அந்த மணலின் விலையை யாரும் பத்திக் விற்றுக் கட்ட முடியாது. அவர்கள் பிழைத்ததற்குத் திறமை பாதி, நிலம் மலிவாக இருந்த காலம் பாதி. சொந்த இடம் உள்ள கலை அமைப்புக்கும் வாடகை இடத்தில் இருக்கும் அமைப்புக்கும் உள்ள வித்தியாசம் ஜாதி வித்தியாசம் மாதிரி இறுகிவிட்டது.

சபா நாடகம் மெலிந்ததற்கும் பாதிக் காரணம் டிவி இல்லை, கூட வாடகை. மேடை அமைப்பு ஏற்ற மத்தியானமே கூடம் வேண்டும். கச்சேரிக்கு ஒரு ஜமக்காளம் போதும்.

*

நினைவு அறக்கட்டளைகள். எண்பதுகளில் ஒரு குடும்பம் பத்தாயிரம் ரூபாய் கட்டியிருக்கும், தகப்பனார் பெயரில் வருடம் ஒரு கச்சேரி நடத்த வேண்டும் என்று. அன்றைக்குப் பதினொரு சதவீத வட்டி என்றால் 1,100 ரூபாய். அதில் ஒரு நல்ல கச்சேரி வைக்கலாம், சுண்டலும் கொடுக்கலாம். இன்று ஏழு சதவீதம் என்றால் 700 ரூபாய். மாலைக்குப் போதாது. ஆனால் பத்திரத்தில் 'சந்திர சூரியர் உள்ளவரை' என்கிற தொனியில் எழுதி ரசீது கொடுத்திருக்கிறோம். குடும்பத்தார் கலிபோர்னியாவிலிருந்து போட்டோ கேட்டு மெயில் அனுப்புகிறார்கள். மூன்று அறக்கட்டளைகளைச் சேர்த்து ஒரே கச்சேரியாக்கி, மூன்று பெயரையும் மேடையில் வாசிக்கிறோம். வாசிப்பே ஒரு வர்ணம் அளவு நீள்கிறது.

இனி வாங்குகிற அறக்கட்டளையில், தொகை போதாமல் போனால் கமிட்டி பொது நிதியில் சேர்க்கலாம், பத்தில் ஒரு பங்கு அலுவலகச் செலவுக்கு என்று இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். முதல் வரியை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

*

2018. பாலியல் தொல்லை பற்றிப் பெண்கள் வாய்திறந்த வருடம். மியூசிக் அகாதமி ஏழு கலைஞர்களை அந்த டிசம்பர் பட்டியலிலிருந்து எடுத்தது. சபாக் கூட்டமைப்பு விசாரணைக் குழு அமைத்தது. 2023-இல் கலாக்ஷேத்திரா மாணவர்கள் வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். ஆசிரியர் ஒருவர் கைதானார், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணை நடந்தது. நாடாளுமன்றச் சட்டத்தால் 1993 முதல் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் அது. இயக்குநர், நிர்வாகக் குழு, அமைச்சகம் எல்லாம் உண்டு. அங்கேயே பிள்ளைகள் வெயிலில் உட்கார வேண்டியிருந்தது.

எங்களைப் போன்ற இடத்தில்? 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். அதற்குக் கீழே என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். எங்களிடம் சம்பளத்துக்கு யாருமே இல்லை. ஆனால் கலைஞர்கள் வருகிறார்கள், பின்னறை இருக்கிறது, இரவு பத்து மணிக்கு வண்டியில் கொண்டுபோய் விடுகிறோம். குருவுக்கும் சீடருக்கும் நடுவே நடப்பது அவர் வீட்டுக் கூடத்தில். எங்கள் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் மேடை. தரலாம், மறுக்கலாம். பட்டியலில் பெயரை அடிக்க ஒரு நிமிடம். புகாரைக் கேட்க, இரு பக்கமும் விசாரிக்க, எழுதிவைக்க, ரகசியம் காக்க ஆள் வேண்டும், நாள் வேண்டும்.

நாங்கள் செய்தது சிறிது. கலைஞர்களுக்கு அனுப்பும் கடிதத்தோடு ஒரு பக்கம் இணைத்தோம்: பின்னறைக்குள் யார் வரலாம், வண்டியில் யார் வருவார், கமிட்டிக்கு வெளியே இருக்கும் இரண்டு பெண்களின் போன் எண். அதைப் பார்த்த ஒரு பெரிய வித்வான், "இதெல்லாம் நம்ம சபாவுக்கு எதுக்கு?" என்று கேட்டார். அன்று வயலின் வாசிக்க வந்த பெண் அந்தப் பக்கத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதற்குமேல் விவாதம் தேவைப்படவில்லை.

*

2024 மார்ச்சில் அகாதமி டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி அறிவித்தது. ரஞ்சனி–காயத்ரி முதலியவர்கள் விழாவிலிருந்து விலகினார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் தி இந்து நிறுவிய பரிசை அவருக்குத் தரக்கூடாது என்று எம்.எஸ்.ஸின் பேரன் நீதிமன்றம் போய், டிசம்பரில் அது உச்ச நீதிமன்றம்வரை சென்றது. யார் பக்கம் என்பது மயிலாப்பூர் வீடுகளில் இன்னும் காபி ஆறிப்போகிற விவாதம். நான் அதில் கிருஷ்ணா பக்கம், அவர் எழுதுவதில் பாதி எனக்கு ஒத்துவராவிட்டாலும்.

பொருளாளர் கண்ணில் பட்டது வேறு. அகாதமி தன் முடிவில் நின்றது. நிற்பதற்கு 1962-இலிருந்து சொந்த அரங்கம் இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது, வக்கீல் வைக்க வசதி இருக்கிறது. இதே மாதிரி ஒரு பெயரை நாங்கள் அறிவித்து, மாலையில் ஒரு ஸ்பான்சர் போன் செய்து, "பார்த்துக்கோங்க சார்" என்று சொல்லியிருந்தால் இரவுக்குள் பெயர் மாறியிருக்கும். துணிச்சலுக்கும் வைப்புநிதி தேவை.

*

யூடியூப். தியாகராஜர் 1847-இல் சித்தியடைந்தார், கிருதிகளுக்குப் பதிப்புரிமை என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் எங்கள் மேடையில் எங்கள் கேமராவில் பதிந்ததை ஏற்றினால், ஏதோ ஒரு இசை நிறுவனத்தின் ஆல்பத்தோடு ஒத்துப்போகிறது என்று இயந்திரம் உரிமைகோரல் அனுப்புகிறது. மறுப்பு எழுதினால் சில வாரத்தில் போய்விடும். யார் எழுதுவது? பாபநாசம் சிவன் விஷயம் வேறு. 1973-இல் மறைந்தார், 60 வருடக் கணக்குப்படி 2033 முடியும்வரை உரிமை வாரிசுகளுடையது. பாடுபவருக்கும் தம் நிகழ்ச்சிப் பதிவின்மேல் உரிமை உண்டு, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். 2020-இல் எல்லாம் இணையத்துக்குப் போனபோது அவசரத்தில் யாரும் வாங்கவில்லை. அந்த வீடியோக்கள் இன்னும் ஓடுகின்றன, விளம்பரத்தோடு.

*

இந்த வருடப் பொதுக்குழுவில் பகுதிநேர அலுவலக உதவியாளர் வைக்கத் தீர்மானம் நிறைவேறியது. மூன்று வருடமாகக் கேட்டது. பணம் எங்கிருந்து என்றால், விழாவில் ஒரு நாள் குறைப்பு. அந்த ஒரு நாளைக்காகத் தலைவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவர் வருத்தத்தில் நியாயம் உண்டு, அது நாகஸ்வர நாள்.

விளம்பர வாசகத்தைக் கமிட்டியில் வாசித்தேன். "சங்கீத ஆர்வம் உள்ளவர் விரும்பத்தக்கதுன்னு போடுங்கோ, சம்பளம் கம்மியா கேப்பா" என்றார் துணைத்தலைவர். எல்லாரும் சிரித்தார்கள், நானும். வீட்டுக்கு வந்து அந்த வரியை எடுத்துவிட்டு, டேலி தெரிந்திருக்க வேண்டும், தமிழில் டைப் அடிக்க வேண்டும், மாதம் முதல் தேதி சம்பளம் என்று எழுதி அனுப்பினேன்.